பிரச்சினை நேரம் தொலைந்த புத்தகம்

திருகோணமலையில் பழைய கார் ஒன்றுக்கு விலை பேசும்போது, "இதன் பழைய கடுதாசிகள் எங்கே?" என்று கேட்டால், "அதெல்லாம் பிரச்சினை நேரம் தொலைந்துபோய்விட்டன" என்று பதில் வரும். அதற்கு மேல் கேட்க எவருக்கும் நாக்கு எழாது. 1983, 1985, 1990 என்று போரின் ஏதாவது ஓர் ஆண்டில் வீட்டைப் பூட்டிவிட்டு ஓடாத குடும்பம் இங்கே குறைவு. காணி உறுதி போனது, பிறப்புச் சான்றிதழ் போனது, கல்யாண அல்பம் போனது. மிஞ்சியவற்றில் ஒரு பகுதியை 2004 டிசெம்பர் 26 அன்று கடல் எடுத்துக்கொண்டது. இப்படிப்பட்ட ஊரில் ஒரு மொறிஸ் மைனர் காரின் பழைய கடுதாசிகளைக் காணவில்லை என்றால் யார் குறுக்கு விசாரணை செய்வார்கள்?

நான் செய்தேன். கனடாவில் இருக்கும் மச்சான் இணையத்தில் ஒரு விளம்பரத்தைக் கண்டு எனக்கு அனுப்பியிருந்தான். உப்புவெளியில் நிற்கும் மொறிஸ் மைனர், 1951ஆம் ஆண்டு, ஆங்கில எழுத்து இலக்கம், முழுமையாகப் புதுப்பித்த ஒறிஜினல் கார், விலை 28 இலட்சம், பேசித் தீர்க்கலாம். எழுபதுகளில் மாமாவிடம் ஒரு மைனர் இருந்தது. கன்னியா வெந்நீரூற்றுக்கும் நிலாவெளிக் கடலுக்கும் நாங்கள் போனதெல்லாம் அதில்தான்; பின் ஆசனத்தில் பிள்ளைகள் ஒருவர் மடியில் ஒருவராக இருப்போம். ஓய்வுக் காலத்தை ஊரில் கழிக்க வரப்போகும் மாமாவின் மகனான இந்த மச்சானுக்கு, அப்பாவின் காரைப் போல ஒன்று வேண்டுமாம். "நீ போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லு மச்சான், உன்னைத்தான் நம்புகிறேன்" என்றான்.

நான் மெக்கானிக் அல்லன். களஞ்சியப் பொறுப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வாழ்நாளில் பாதியை இயந்திரங்களின் தகடுகளை வாசித்துப் பதிவேட்டில் எழுதுவதில் கழித்தவன். ஒரு பொருளைப் பார்த்தால் அதன் அழகைப் பார்ப்பதற்கு முன் அதன் இலக்கத்தைத் தேடும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. மச்சான் என்னை அனுப்பியதும் அதற்காகத்தான்.

கார் உண்மையிலேயே அழகாக இருந்தது. வெளிர் பச்சை நிறம், கண்ணாடி போல மின்னும் பம்பர், புதிதாகத் தைத்த ஆசன உறைகள். உப்புக் காற்றுத் தின்று தீர்க்கும் இந்தக் கரையில் எழுபது வயதுக் கார் அப்படி நிற்பதே அதிசயம். விற்பவர் மரியாதையான மனிதர், வயதில் மூத்தவர். தேநீர் தந்தார். "தம்பி, இது இங்கிலீஷ் நேவி ஒபிசர் ஒருவர் வைத்திருந்த கார்" என்று கதையைத் தொடங்கினார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். திருமலையில் விற்பனைக்கு வரும் பழைய கார் ஒவ்வொன்றும் யாரோ ஓர் ஆங்கிலக் கடற்படை அதிகாரியிடம் இருந்துதான் வந்திருக்கும். பிரித்தானியக் கடற்படை 1957இல் இந்தத் துறைமுகத்தைக் கையளித்துவிட்டுப் போனது. அவர்கள் விட்டுச் சென்றதாகச் சொல்லப்படும் கார்களை எல்லாம் ஒன்றாக நிறுத்தினால் டொக்யாட் வீதியில் மனிதர் நடக்க இடம் இருந்திருக்காது.

கதை ஒரு பக்கம் இருக்கட்டும், கார் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். மைனர் மிகவும் வாயாடியான கார். 1948இல் இலண்டனில் அறிமுகமாகி, சலூன் வகை 1970 வரை தயாரிப்பில் இருந்தது. அந்த இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒவ்வொரு மாற்றமும் உடலிலேயே பதிந்திருக்கிறது. வாசிக்கத் தெரிந்தால் போதும். 1951ஆம் ஆண்டு மைனரின் முன் கண்ணாடி இரண்டு தட்டையான துண்டுகளாக, நடுவில் ஒரு தண்டோடு இருக்கும். வளைந்த ஒற்றைக் கண்ணாடியும் பெரிய பின் கண்ணாடியும் 1956இல் 'மைனர் 1000' வந்தபோதுதான் வந்தன. வேகமானி 1951இல் சாரதிக்கு நேரே இருந்தது. 1954இன் இறுதியில்தான் பலகையின் நடுவுக்கு நகர்ந்தது. திரும்பும்போது கதவுத் தூணில் இருந்து கை நீட்டுவது போல ஒரு சிறு விளக்குத் தண்டு வெளியே வரும். 1961இல் மின்னும் விளக்குகள் வந்ததும் அந்தத் தண்டு போனது. எஞ்சினும் அப்படியே. 1951இல் இருந்தது 918 கன சென்டிமீற்றர் கொண்ட பழைய பக்க வால்வு எஞ்சின். 1952இல் ஒஸ்டினும் மொறிஸும் இணைந்த பிறகு 803, 1956இல் 948, 1962இல் 1098.

உப்புவெளிக் காரில் முன் கண்ணாடி ஒற்றை. வேகமானி நடுவில். கதவுத் தூணில் தண்டு இருந்த பள்ளம்கூட இல்லை. பள்ளத்தை அடைத்துப் பூசியிருக்கலாம் என்று காந்தத்தை வைத்துப் பார்த்தேன், சட்டென்று ஒட்டிக்கொண்டது. புட்டி இல்லை, தகரம். எஞ்சினில் பதிந்திருந்த இலக்கம் 10 என்று தொடங்கியது. மைனர் எஞ்சினில் 10 என்றால் அது 1098. அவர் காட்டிய பதிவுப் புத்தகத்தில் எழுதியிருந்ததோ 918. செஸி (அடிச்சட்ட) இலக்கத் தகடு மட்டும் 1951க்கு உரியதுதான், ஆனால் அதைப் பிடித்திருந்த ரிவெட்டுகள் பளபளவென்று இருந்தன. சுற்றியிருந்த தகட்டில் பழைய ரிவெட்டுகளின் தடம் வேறு இடைவெளியில் தெரிந்தது.

சுருங்கச் சொன்னால், அந்தக் கூடு 1961இன் இறுதிக்கு முன் செய்யப்பட்டிருக்க வழியில்லை. 1957இல் கப்பலேறிய அதிகாரி அதை எப்படி ஓட்டியிருப்பார் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

"தம்பி, அந்தக் காலத்திலேயே கண்ணாடியை மாற்றியிருப்பார்கள்" என்றார் ஐயா. கண்ணாடியை மாற்றலாம், உண்மை. எஞ்சினையும் மாற்றலாம், இந்த நாட்டில் ஜப்பான் எஞ்சினோடு ஓடும் மைனர்கள் எத்தனையோ. ஆனால் வளைந்த கண்ணாடிக்குக் கூரையின் முன் விளிம்பே வேறு. பெரிய பின் கண்ணாடிக்குக் கூரையின் பின்புறமே வேறு. கூரையையும் தூண்களையும் தளத்தையும் மாற்றினால், தனிச் செஸி இல்லாமல் உடலே எலும்பாக நிற்கும் மைனரில், மாறாமல் இருப்பது எது? அந்தக் காரில் 1951ஐச் சேர்ந்தவை என்று காட்டக்கூடியவை ஒரு செஸித் தகடும் இரண்டு இலக்கத் தகடுகளும். இலக்கத் தகடுகளும் புதிதாக எழுதியவை.

அப்போதுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். "தம்பி, கோணேசர் கோவிலையே பறங்கி இடித்த பிறகு எங்கள் அப்பா காலத்தில்தானே திரும்பக் கட்டினோம்? அதை யாராவது ஒறிஜினல் இல்லை என்கிறார்களா?"

வாயடைத்துப் போனேன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் தேநீரைக் குடித்து முடிக்கும் வரை பதில் வரவில்லை. நல்ல கேள்வி. இந்த ஊரில் பிறந்தவனிடம் கேட்கக்கூடியவற்றில் ஆகச் சிறந்த கேள்வி. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கேயர் கோவிலை இடித்து அதன் கற்களைக் கோட்டைக்கு எடுத்தார்கள். 1950இல் கிணறு வெட்டும்போது மண்ணுக்குள் இருந்து செப்புத் திருமேனிகள் வெளிவந்தன. அதன் பிறகுதான் இன்று நாம் கும்பிடும் கோவில் எழுந்தது. சீமெந்தும் கம்பியும் கொண்ட கோபுரம். அதனால் கோணேசர் குறைந்துவிட்டாரா?

இல்லை. ஏன் இல்லை என்று யோசித்தால் ஐயாவின் வாதம் அவருக்கே எதிராகத் திரும்புகிறது. கோணேசர் கோவிலில் யாரும் எதையும் மறைக்கவில்லை. கோட்டை வாசலைக் கடக்கும்போதே சுவரில் இருக்கும் கயல் சின்னத்தையும் கல்வெட்டையும் பிள்ளைகளுக்குக் காட்டி, "இது பழைய கோவிலின் கல்" என்று சொல்லித்தான் மலைக்கு ஏற்றுகிறோம். எது இடிந்தது, யார் இடித்தார், எது கிடைத்தது, எது புதிதாகக் கட்டியது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். இந்தக் கோபுரம் பழங்கால மன்னன் குளக்கோட்டன் கட்டியது என்று யாராவது பற்றுச்சீட்டு எழுதித் தந்தால் நானே முறைப்பாடு செய்வேன். இதையே அவரிடம் சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

திரும்பக் கட்டிய கார் உண்மையான காராக இருக்க முடியாது என்று நான் நினைப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மைனர் பிறக்கும்போதே வெட்டி ஒட்டப்பட்ட கார். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மாதிரி அவர் கண்ணுக்கே ஒடுக்கமாகத் தெரிந்ததால் அதை நீளவாக்கில் இரண்டாக அறுத்து 4 அங்குலம் அகலமாக்கினார்கள். பொனட்டின் நடுவில் ஓடும் அந்தப் பட்டை அதன் அடையாளம்தான். 1990களில் இலங்கையின் தெற்கில் மைனருக்கான தகரப் பாகங்கள் செய்து இங்கிலாந்துக்கு ஏற்றுமதி செய்தார்கள். அங்கே கண்காட்சியில் பரிசு வாங்கும் 'அசல்' ஆங்கிலக் கார் ஒன்றின் வாசற்படியின் கீழ்த் தகரம் நம் நாட்டுக் கைகளால் தட்டியதாக இருக்கக்கூடும். அதில் எனக்குப் பெருமைதான்.

இப்படிப்பட்ட வழக்கு ஒன்று இலண்டன் உயர் நீதிமன்றத்துக்கே போயிருக்கிறது. 'ஓல்ட் நம்பர் வன்' என்று பெயர் பெற்ற பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ், 1929இலும் 1930இலும் பிரான்ஸின் லு மான் 24 மணி நேரப் போட்டியில் வென்ற கார். பிறகு அதற்குப் பெரிய 8 லீற்றர் எஞ்சின் போட்டார்கள். 1932இல் புரூக்லாண்ட்ஸ் ஓட்டப் பாதையில் விழுந்து நொறுங்கியது. ஓட்டிய கிளைவ் டன்பீ உயிரிழந்தார். மீதியில் இருந்து மீண்டும் ஒரு கார் கட்டினார்கள், அதற்கு மூடிய உடலும் வந்தது. பல கை மாறிக் கடைசியில் ஒரு கோடி பவுணுக்கு விலை பேசப்பட்டபோது, வாங்க ஒப்புக்கொண்ட நிறுவனம் "இது அந்தக் கார் அல்ல" என்று பின்வாங்கியது. 1990இல் நீதிபதி ஒட்டன் விற்றவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். 1929இல் இருந்த உலோகம் அதில் மிகச் சிறிதே எஞ்சியிருந்தது என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கார் ஒரு நாளும் காணாமல் போகவில்லை, ஒவ்வொரு மாற்றமும் முந்தியதன் மேல்தான் நடந்தது, வேறொரு கார் அந்த இடத்தில் வந்து நிற்கவில்லை என்று பார்த்தார்.

எனக்கு அந்தத் தீர்ப்பு சரியாகவே படுகிறது. எஞ்சின் மாறிய ஆண்டு தெரியும், விபத்து நடந்த நாள் தெரியும், திருத்திய பட்டறை தெரியும். உலோகம் போனாலும் கணக்குப் போகவில்லை. உப்புவெளியில் நடந்திருப்பது நேர் எதிர். அங்கே ஓர் அறுபதுகளின் கார் இருக்கிறது, முழுசாக, உயிரோடு. அதன் பெயரை அழித்துவிட்டு இறந்துபோன வேறொரு காரின் பெயரை வைத்திருக்கிறார்கள்.

பிரித்தானியாவில் திரும்பக் கட்டிய காருக்குப் பழைய இலக்கத்தைக் கொடுக்கலாமா என்று தீர்மானிக்கப் புள்ளி முறை ஒன்றை நெடுங்காலம் வைத்திருந்தார்கள். செஸி அல்லது உடல் கூட்டுக்கு 5 புள்ளி, அச்சுகளுக்கு 2, கியர்பெட்டிக்கு 2, எஞ்சினுக்கு வெறும் 1. இப்படிக் குறைந்தது 8 புள்ளி சேர வேண்டும். எஞ்சினுக்கு ஒன்றே ஒன்று என்பதைக் கவனியுங்கள். நம் ஊரில் எல்லோரும் முதலில் கேட்பது "ஒறிஜினல் எஞ்சினா?" என்றுதான். எஞ்சின் மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் புத்தகத்தில் பதிந்துகொள்ளலாம், அதோடு முடிந்தது. கூடு மாறினால் கார் மாறிவிட்டது.

சரி, ஏன் 1951? ஏன் அறுபதுகளின் மைனர் என்றே விற்கக் கூடாது? காசுதான். சிலோன் என்ற ஆங்கிலப் பெயரின் எழுத்துகளில் இருந்து இரண்டிரண்டாக எடுத்து அமைத்த பழைய இலக்கங்களுக்கு இன்று தனி மதிப்பு. 2020இல் வாகன இறக்குமதி நின்றபோது ஓடும் எதற்கும் விலை ஏறியது; சேகரிப்பவர்கள் இப்படிப்பட்ட தகடுகளுக்கு அதற்கு மேலும் கொடுத்தார்கள். காரைவிடப் புத்தகமும் இலக்கமும் பெறுமதியாகிவிட்டால், உக்கிப்போன காரின் புத்தகம் தனியே சந்தைக்கு வரத்தானே செய்யும்.

அதோடு இந்த ஊரில் இலக்கத் தகட்டுக்கு இன்னொரு கதையும் இருக்கிறது. ஐம்பதுகளின் இறுதியில் ஆங்கில எழுத்துகளை எடுத்துவிட்டுச் சிங்கள ஸ்ரீயைப் போட்டபோது வடக்குக் கிழக்கில் அதற்குத் தார் பூசினோம், சிறை போனோம். ஆங்கில எழுத்துக் கார் வைத்திருந்தவர்கள் அந்தச் சண்டைக்கு முந்தியவர்கள். தமிழ் வீட்டு முற்றத்தில் அந்தத் தகடு நிற்பதில் ஒரு சிறு கர்வம் இருந்ததை நான் சிறு வயதில் கண்டிருக்கிறேன். அதையும் சேர்த்துத்தான் ஐயா விலை சொல்கிறார். ஆனால் அவர் விற்கும் அந்தக் கூடு வீதிக்கு வந்தபோது ஸ்ரீ இலக்கத்தோடுதான் வந்திருக்கும். யாரோ ஒரு தபாலதிபரோ மருத்துவரோ வாங்கிய கார். அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் வேறு கார் கிடைக்காத காலத்தில், ஒரு குடும்பம் பொத்திப் பொத்தி ஓட்டிய கார். அந்தக் குடும்பத்தின் பெயர் எங்கோ ஒரு புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் புத்தகத்தைப் போர் தொலைக்கவில்லை. இவர்கள் வேண்டுமென்றே தொலைத்தார்கள்.

எனக்குக் கோபம் வந்தது இங்கேதான். "பிரச்சினை நேரம் தொலைந்துவிட்டது" என்று சொல்லும் உரிமை உண்மையிலேயே தொலைத்தவர்களுக்கு உரியது. காணி உறுதி இல்லாமல் இன்றும் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) அலைகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை அதிகாரிகள் சந்தேகக் கண்ணோடு பார்ப்பதற்கு இப்படிப்பட்ட பொய்களும் ஒரு காரணம். தவிர, வீட்டில் இருந்த பிரதி எரிந்தாலும் கொழும்பில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு இருக்கும். உரிமையாளர் விண்ணப்பித்தால் பதிவு விபரங்களை எடுக்கலாம். இங்கிலாந்தில் கேய்டனில் இருக்கும் பிரித்தானிய மோட்டார் அருங்காட்சியகம் தொழிற்சாலைப் பேரேடுகளைப் பார்த்து, இன்ன இலக்கக் கார் எப்போது, எந்த நிறத்தில், எந்த எஞ்சினோடு வெளியே வந்தது என்று சான்றிதழ் தருகிறது. இரண்டையும் எடுத்துத் தாருங்கள், செலவை நாங்களே கட்டுகிறோம் என்றேன். "அதெல்லாம் எதற்குத் தம்பி, காரை ஓட்டிப் பாருங்கள்" என்றார்.

ஓட்டினேன். அருமையாக ஓடியது. அலஸ் தோட்டம் வரை போய்த் திரும்பினோம். ஸ்டியரிங்கில் ஆட்டம் இல்லை, பிரேக் நேராகப் பிடித்தது. முன் சக்கரத்தைத் தாங்கும் திருகு மூட்டுக்குக் கிரீஸ் போடாமல் விட்டால் சக்கரம் மடிந்து விழுவது மைனரின் பேர்போன வியாதி; அதைக்கூடச் சரியாகப் பார்த்திருந்தார்கள். கீழே குனிந்து பார்த்தால் பின் வில்லுத் தகடுகள் மாட்டும் இடத்தில் வெல்டிங் மணிமணியாக இருந்தது. யாரோ நல்ல டிங்கர்காரர் மாதக் கணக்கில் செய்த வேலை. அவர் யார் என்று கேட்டேன். ஐயா சொல்லவில்லை. சொல்லவும் முடியாது, அவர் பெயரைச் சொன்னால் அவர் எந்தக் காரைத் திருத்தினார் என்ற கேள்வி வந்துவிடும். இவ்வளவு நல்ல வேலை செய்தவனைத்தான் அந்த விளம்பரம் முதலில் மறைத்திருக்கிறது. திரும்பக் கட்டிய காரை வாங்கப் போகிறவர்கள் கேட்க வேண்டியதும் இதைத்தான்: யார் செய்தார், அவிழ்த்தபோது எடுத்த படங்கள் எங்கே, வெட்டி எடுத்த பழைய தகரம் எங்கே, பற்றுச்சீட்டுகள் எங்கே. ஒழுங்காகத் திருத்தியவன் இவற்றைக் காட்ட ஏங்கிக்கொண்டிருப்பான். நீங்கள் போதும் என்றாலும் விடமாட்டான்.

மச்சானுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்பாவின் காரில் வேகமானி நடுவில்தானே இருந்தது?" என்றான். ஆம். மாமாவின் கார் 1963ஆம் ஆண்டினது, ஸ்ரீ இலக்கம், 1098 எஞ்சின். 1951 என்ற பொய்யை உரித்துவிட்டால் உப்புவெளியில் நிற்பது ஏறக்குறைய அதே கார். அவன் தேடியதை வைத்துக்கொண்டே அவர் அவனுக்கு வேறொன்றை விற்கப் பார்த்தார்.

ஆகவே வாங்க மாட்டோம் என்று சொல்லவில்லை. கூட்டின் உண்மையான பதிவைக் கண்டுபிடித்துத் தாருங்கள், அறுபதுகளின் மைனருக்கு உரிய விலையைத் தருகிறோம், டிங்கர்காரருக்குத் தனியாக ஒரு தொகையும் தருகிறோம் என்று சொல்லி அனுப்பினோம். அது இல்லாமல் வாங்கினால், ஒரு நாள் வீதிச் சோதனையில் பொலிசாருக்குச் சந்தேகம் வந்து கார் அரச பகுப்பாய்வாளரிடம் போனால் மச்சானின் ஓய்வுக் காலம் நீதிமன்ற வாசலில்தான் கழியும். "யோசித்துச் சொல்கிறேன்" என்றார் ஐயா. விளம்பரத்தில் விலை இப்போது 26 இலட்சம். ஆண்டு இன்னும் 1951தான்.

இதற்கிடையில் கந்தளாயில் ஒரு மைனர் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன். தளத்தில் கால் போகும் அளவுக்கு ஓட்டை, இரண்டு கதவுகள் மூடவில்லை, எஞ்சின் டட்சனுடையது. எஞ்சின் மாற்றம் புத்தகத்தில் பதிவாகியிருக்கிறது. உரிமையாளர் பெயர்களும் விடுபடாமல் வரிசையாக இருக்கின்றன. உரிமையாளர் நான் கேட்காமலே தரைவிரிப்பைத் தூக்கி ஓட்டையைக் காட்டி, "இதற்கு மட்டும் ஒன்றரை இலட்சம் செலவாகும், பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். மச்சான் படம் கேட்டிருக்கிறான். ஓட்டையின் படத்தையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன், விலை பேசிக்கொண்டிருக்கிறோம்.